ஜொகோல் சாலையில் பத்து மணிப் பால்

என் மகள் பாலைத் தவிர வேறெதையும் விழுங்கமாட்டாள் என்பது, அவளுக்குப் பதினான்கு மாதம் ஆவதற்குள், மலாக்காவின் காஜா பெராங்கில் எங்கள் வரிசை வீடுகள் முழுக்கத் தெரிந்த செய்தியாகிவிட்டது. கேழ்வரகுக் கூழ், பாலில் ஊறிய ரொட்டி, குழைத்த சோறு, மசித்த வாழைப்பழம், எதைக் கொடுத்தாலும் நாக்கால் ஒரு தள்ளு. அது என் சேலையில் வந்து விழும். கிளினிக்கில் எடை போட்டபோது போன மாதத்தைவிட அரை பவுண்டு குறைந்திருந்தது. அங்கிருந்த மிஸ்ஸி நல்ல மாதிரியான தாதி. கோபிக்கவில்லை. ஆனால் அடுத்த முறையும் முள் ஏறாவிட்டால் பிள்ளையை வார்டில் சேர்த்துப் பார்ப்பதுதான் வழி என்று அட்டையில் எழுதிக்கொண்டே சொன்னார். நான் சொல்லவரும் நாளில் அடுத்த முறைக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

நான் ஆசிரியப் பயிற்சி பெற்றவள். அச்சில் இருப்பதை நம்பிப் பழகியவள். பால் டின்னின் பின்புறம் ஓர் அட்டவணை உண்டு: இத்தனை மாதத்துக்கு இத்தனை கரண்டி, இத்தனை அவுன்ஸ் தண்ணீர். அதன்படி காலை ஆறு, பத்து, பகல் இரண்டு, மாலை ஆறு என்று நேரம் வைத்திருந்தேன். பத்து மணிப் பாலை ஒன்பது ஐம்பதுக்குக் கேட்டால் கிடைக்காது. இந்த ஒழுங்கால்தான் அவள் இந்த அளவுக்காவது இருக்கிறாள் என்று ஒரு நாள் நினைப்பேன். இந்த ஒழுங்கால்தான் இப்படி ஆனாளோ என்று மறுநாள் நினைப்பேன்.

பக்கத்து வீட்டில் ஒரு மலாக்கா செட்டி அம்மா இருந்தார். மலாய்ச் சட்டையான கெபாயா உடுத்தி, நெற்றியில் திருநீறு பூசி, நம் கோயிலுக்கே வருபவர். ஆனால் பேச்செல்லாம் மலாயில்தான். நீ பிள்ளை முகத்தைப் பார்ப்பதைவிடக் கடிகார முகத்தைத்தான் அதிகம் பார்க்கிறாய் என்று ஒரு நாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் இரண்டு நாள் அந்த வேலிப்பக்கம் போகவில்லை.

பிள்ளையை வெளியே காற்றாட அழைத்துப் போங்கள் என்றும் மிஸ்ஸி சொல்லியிருந்தார். எத்தனை மைல் காற்று என்று சொல்லவில்லை. அதைச் சொன்னது என் வீட்டுக்காரர்.

அவருக்கு நில அளவை அலுவலகத்தில் வேலை. சாலைகளை முதலில் வரைபடத்தில் பார்த்து, பிறகு சைக்கிளில் போய் அது அங்கேதான் இருக்கிறதா என்று சரிபார்ப்பதில் அவருக்கு அலாதி இன்பம். கல்யாணத்துக்கு முன்பு, காட்டில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை தொடங்குவதற்கும் முன்பு, தம்பினிலிருந்து ஜொகோல் வழியாகக் கோலப்பிலா வரை போயிருக்கிறாராம். இரண்டு பக்கமும் மலை, நடுவில் நெல்வயல், நாளுக்கு நாலு லாரி போனால் அதிகம் என்பார். மலாயாவுக்குச் சுதந்திரம் வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. சைக்கிள் கைப்பிடியில் அன்று செருகிய காகிதக் கொடி மழையில் நனைந்து வெளுத்துப்போய் இன்னும் இருந்தது. சாலை இப்போது திறந்திருக்கிறது, அலுவலகத்தில் கேட்டுவிட்டேன், பள்ளி விடுமுறைக்குப் போய் வரலாம் என்றார்.

எனக்கும் சைக்கிள் பிடிக்கும். இதை ஒளிப்பானேன்? பள்ளிக்கு நான் சைக்கிளில்தான் போவேன். சேலை சிக்காமல் இருக்கப் பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் நூல்வலை கட்டிய பெண்கள் சைக்கிள். மகள் பிறந்த பிறகு பள்ளியைத் தாண்டி ஒரு மைல்கூட அதை மிதித்ததில்லை. மிஸ்ஸி சொன்னதால் போகிறோம் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டேன். எனக்கே பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

மூட்டை கட்டுவதில் நான் யாருக்கும் சளைத்தவளில்லை. எலுமிச்சைச் சோறு, உருளைக்கிழங்குப் பிரட்டல், ஆறு அவித்த முட்டை, மூன்றடுக்குத் தூக்குச் சட்டியில். பிள்ளைக்குத் துணிகள், கிரைப் வாட்டர், சுடுதண்ணீர்க் குடுவை, கொதிக்கவைத்துத் துணியில் சுற்றிய இரண்டு பால் புட்டிகள். வீட்டில் பாதி காலியான பால் டின் ஒன்று இருந்தது. திறந்த டின்னைத் தூசியில் கொண்டுபோகலாமா என்று யோசித்து, கடைக்குப் போய்ப் புதிதாக ஒன்று வாங்கி வந்தேன். மூடிக்குக் கீழே சீல் உடையாமல் பளபளவென்று இருந்தது. அந்த டின்னை மூட்டையில் வைத்தபோது ஒரு நல்ல தாய் செய்யவேண்டியதைச் செய்துவிட்ட நிம்மதி எனக்கு.

காலை முதல் பேருந்தின் கூரையில் கண்டக்டர் இரண்டு சைக்கிளையும் கட்டினார். தம்பின் போய்ச் சேரும்வரை நான் பேருந்தின் கூரையையே பார்த்துக்கொண்டு வந்தேன். அங்கே இறங்கியபோது மலையின் பாதிவரை பனி இருந்தது. அவர் சைக்கிளின் முன்பக்கம் பிரம்பு இருக்கையை மாட்டி, அதில் மகளை உட்காரவைத்து, ஒரு துண்டால் இடுப்பைச் சுற்றிக் கட்டினார். அந்த முடிச்சை நான் அவிழ்த்து மறுபடி கட்டினேன். அவர் மணியை அடித்தார். மகள் திரும்பி அவரைப் பார்த்துவிட்டு மணியைத் தானே அடிக்கப் பார்த்தாள். கிளம்பினோம்.

முதல் மூன்று மைலும் ரப்பர்த் தோட்டத்துப் பால்மரக் காடு. வெயில் இலைகளுக்கு மேலேயே தங்கிவிட, கீழே சாலை ஈரமாக, கறுப்பாக இருந்தது. எங்கள் டயர்களின் ஓசை எனக்கே கேட்டது. ஊரில் அது கேட்டதே இல்லை. என் மூட்டை ஒரு பக்கம் சாய்கிறதோ என்று நான்கு முறை இறங்கிப் பார்த்தேன். ஐந்தாம் முறை நான் இறங்கியது சாலையின் குறுக்கே ஒரு கட்டை இருந்ததால்.

அத்தாப்பு ஓலை வேய்ந்த ஒரு கொட்டகை, ஒரு மலாய் கார்ப்பரல், துப்பாக்கியோடு இரண்டு காவலர்கள், பெண்களைச் சோதிப்பதற்கென்று பக்கத்துத் தோட்டத்துத் தமிழ்ப் பெண் ஒருவர். சோதனை என்றால் என்ன என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. காட்டில் இருப்பவர்களுக்கு உணவு போய்ச் சேரக்கூடாது என்று அரிசியையும் டின் உணவையும் சாலையில் கொண்டுபோகத் தடை போட்டிருந்த காலத்தை மலாக்காவிலும் பார்த்தவர்கள்தான் நாங்கள். கடைக்காரர் எந்த டின்னை விற்றாலும் நம் கண்முன்னே ஆணியால் ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார். அப்போதுதான் யாரும் அதைக் காட்டில் சேர்த்துவைக்க முடியாது. பிறகு எங்கள் ஊரை வெள்ளைப் பகுதி என்று அறிவித்து அதையெல்லாம் எடுத்துவிட்டார்கள். அதோடு நாங்களும் மறந்துவிட்டோம். இங்கே எடுக்கவில்லை. சாலை திறந்திருக்கிறதா என்று கேட்ட என் வீட்டுக்காரர், சோறு திறந்திருக்கிறதா என்று கேட்கவில்லை.

அந்தப் பெண் என்னைச் சாக்குத் திரைக்குப் பின்னால் அழைத்துப்போய் இடுப்பையும் முந்தானையையும் தடவிப் பார்த்தார். பிறகு மூட்டையை அவிழ்த்தார்.

"இது என்னா தங்கச்சி?"

"பாப்பாவுக்குப் பால்க்கா."

"சீலே ஒடைக்கலியே."

"ஆமாக்கா. சுத்தமா இருக்கணும்னு புதுசா வாங்கியாந்தேன்." இதைப் பெருமையாகவே சொன்னேன்.

அவர் டின்னைக் கையில் திருப்பிப் பார்த்தார். "ஒடச்ச டின்னா இருந்தாக்கூட ஒரு வார்த்த பேசிப் பாக்கலாம். இது காட்டுக்குள்ள போனா ஒரு வருசம் கெடாம கெடக்கும். இத வெச்சிக்கிட்டு ரோட்டுல போறியே, ஒனக்கு எம்புட்டு தைரியம்?"

என்னைத் தைரியசாலி என்று யாராவது சொன்னது அதுதான் முதல் முறை. பலகையில் நான்கு மொழியில் அறிவிப்பு ஒட்டியிருந்தது. தமிழ்ப் பகுதியை முதல் வரியிலிருந்து தண்டனை வரைக்கும் படித்தேன். படித்திருக்க வேண்டாம்.

கார்ப்பரலுக்கு எங்களைப் பார்த்தாலே என்ன ஆட்கள் என்று புரிந்துவிட்டது. வழக்கெல்லாம் எழுதவில்லை. ஆனால் டின்னும் தூக்குச் சட்டியும் கட்டையைத் தாண்டக்கூடாது, "தா போலே", முடியாது, என்றார். அதைச் சொல்லும்போது அவருக்கே சங்கடமாக இருந்தது. இங்கேயே சாப்பிட்டுவிட்டுப் போவதாக இருந்தால் அவருக்கு ஆட்சேபணை இல்லையாம். வயிற்றுக்குள் போனதைத் தடுக்கச் சொல்லி அவருக்கு உத்தரவு ஏதுமில்லையாம்.

ஆக, எங்கள் மத்தியானச் சாப்பாட்டைக் காலை எட்டரை மணிக்கு, துப்பாக்கிக்காரர்கள் எதிரே, ஒரு பெஞ்சில் உட்கார்ந்து முடிக்கவேண்டியதாயிற்று. என் வீட்டுக்காரர் இதை ஒரு பொறுப்பாக எடுத்துக்கொண்டு மூன்று முட்டை சாப்பிட்டார். காவலர்கள் முதலில் வேண்டாம் என்று கையாட்டினார்கள், பிறகு ஆளுக்கொரு முட்டையை வாங்கி உரித்தார்கள். அந்தத் தமிழ்ப் பெண் எலுமிச்சைச் சோற்றை வாழையிலையில் வாங்கிக்கொண்டு, நன்றாகத்தான் இருக்கிறது, உப்பு மட்டும் கொஞ்சம் குறைவு என்றார். என் கவனமெல்லாம் பாலில் இருந்தது. கார்ப்பரலின் கத்தியால் சீலை உடைத்து, அளந்து, கலந்து, மகளின் வாயில் புட்டியை வைத்தேன். ஒரு வாய் குடித்தாள். பிறகு நாக்கால் தள்ளிவிட்டுத் துப்பாக்கியைப் பார்க்க ஆரம்பித்தாள். ஆறு மணிக்குக் குடித்தவள். அடுத்தது பத்து மணிக்கு. இப்படிப் பழக்கியது வேறு யாருமில்லை.

கலந்த பாலைக் கீழே ஊற்றிவிட்டோம். டின்னைக் கொட்டகைக்குள் ஒரு பலகையில் வைத்தார்கள். மாலையில் அதைத் திரும்ப வாங்கியபோது உள்ளே எறும்பு ஏறியிருந்தது. அந்நேரம் அது எனக்குப் பெரிதாகவும் படவில்லை. ஆனால் அப்போது, காலையில், அந்தப் பலகையை விட்டு என் கண் நகரவில்லை. சுடுதண்ணீரை அனுமதித்தார்கள். கிரைப் வாட்டரைக் கார்ப்பரல் முகர்ந்து பார்த்து, முகத்தைச் சுளித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"திரும்பிடலாமா?" என்றார் என் வீட்டுக்காரர். "நீ என்னா சொல்றியோ அதான்."

இந்த வார்த்தைதான் எனக்கு ஆகாது. திரும்பினால் பத்து மணிக்குள் தம்பினில் ஒரு கடையில் பால் கலந்துவிடலாம். போனால், ஜொகோலுக்கு இன்னும் ஒன்பது மைல். அங்கே கடையில் பங்கீட்டு அட்டை உள்ளவர்களுக்குத்தான் டின் கிடைக்கும் என்று அந்தப் பெண் சொல்லிவிட்டார். பன்னிரண்டு நாளில் முள் ஏறவேண்டிய பிள்ளைக்கு ஒரு வேளைப் பாலை நானே இல்லாமல் செய்வதா? திரும்புவதுதான் சரி. எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும் அப்படித்தான் இருக்கும்.

"பசிச்சா தின்னும், தங்கச்சி," என்றார் அந்தப் பெண், இலையை மடித்துக்கொண்டே. "எனக்கு அஞ்சு புள்ளைங்க. ஒண்ணுகூட மணி பாத்து தின்னதில்ல. வூட்டுல மணியும் இல்ல."

அவர் சொன்னதால் நான் மனம் மாறினேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மை அதுவல்ல. கட்டைக்கு அந்தப் பக்கம் சாலை கீழே இறங்கியது. நீளமாக, வளையாமல், மரங்களிலிருந்து வெளிச்சத்துக்குள் இறங்கியது. கால் மைலுக்கு மிதிக்கவே வேண்டாம். எனக்கு அதில் இறங்கவேண்டும் போல இருந்தது. அவ்வளவுதான். இதை நான் கிளினிக்கில் சொன்னதில்லை.

"கொஞ்ச தூரம் போயிட்டுத் திரும்பிடலாங்க," என்றேன்.

இறங்கினோம். என் மூட்டையில் கனமில்லை. காற்று என் காதை அடைத்தது, முந்தானையைச் செருகியிருந்த ஊசி தாங்குமா என்ற பயமும் கூடவே இறங்கியது. கீழே போய்ச் சேர்ந்தபோது பள்ளத்தாக்கு திறந்தது. இரண்டு பக்கமும் நீல மலை. நடுவில் நட்டுக் கொஞ்ச நாளான நாற்று, ஊசி ஊசியாக, தண்ணீருக்குள் வானத்தோடு நின்றது. வாய்க்கால் ஓரம் மூங்கில் குழாய்கள் கட்டிய ஒரு நீர்ச்சக்கரம், நம் சைக்கிள் சக்கரத்தைப்போல மூன்று மடங்கு பெரிது, யாரும் மிதிக்காமல் தானாகச் சுற்றித் தண்ணீரை வயலுக்கு ஏற்றிக்கொண்டிருந்தது. மகள் அதைப் பார்த்து "ஓ" என்றாள். அது நின்றபாடில்லை, இவளும் நிறுத்தவில்லை. என் வீட்டுக்காரரும் சேர்ந்து "ஓ" என்றார். எருமைகள் தலையைத் தூக்கின. எதிரே வந்தது மொத்தம் ஒரு லாரியும் இரண்டு சைக்கிள்களும்தான். சைக்கிளில் வந்தவர்கள் எங்களுக்குத் தலையசைத்துவிட்டுப் போனார்கள்.

கொஞ்ச தூரம் என்பது நாலு மைல் ஆகிவிட்டது. சைக்கிள்களை ஓரமாக நிறுத்தினோம். என் கைக்கடிகாரம் பத்து என்றது. மகள் ஒன்றும் சொல்லவில்லை. பத்தே கால். இப்போது அழுவாள் என்று காத்திருந்தேன். பத்தரைக்கு, இவள் ஏன் இன்னும் அழவில்லை, உடம்புக்கு ஏதாவதா என்று நினைத்தேன். பத்து நாற்பதுக்கு அழுதாள்.

அந்த அழுகைக்கு முன்னுரை எதுவும் கிடையாது. மூச்சே விடாமல், முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு, பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கும்படி அழுதாள். வெறும் சுடுதண்ணீரை ஆற்றிப் புட்டியில் கொடுத்தேன். ஏமாற்றுகிறேன் என்று தெரிந்ததும் புட்டியை எறிந்தாள். இரண்டு பக்கமும் தண்ணீரும் நாற்றும். திரும்பிப் போக ஏற்றம். என் வீட்டுக்காரர் புட்டியை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். பேசியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

சாலையோரம் மரக்கால்கள்மேல் நின்ற ஒரு மலாய் வீடு. படிக்கட்டின் கீழே நிழலில் ஒரு மக்சிக், மலாய்க்காரப் பெரியம்மா, எனக்கு அம்மா வயது இருக்கும், ஒரே தட்டிலிருந்து இரண்டு சின்னப் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். அழுகையைக் கேட்டு எழாமலேயே கையசைத்துக் கூப்பிட்டார். என் வீட்டுக்காரர் மலாயில் நடந்ததைச் சொன்னார். தடுப்பில் பால் டின் மாட்டிக்கொண்டது வரை சொன்னதும் அவர் சிரித்துவிட்டார். வீட்டுக்குள் வைத்துச் சாப்பிடுவதை யாரும் கேட்கமாட்டார்கள், உட்காருங்கள் என்று, பிள்ளைக்காக ஒரு பிடிச் சோற்றைத் தண்ணீர் ஊற்றிப் பிசையத் தொடங்கினார்.

நான் விளக்கினேன். இவள் சோறு சாப்பிடமாட்டாள், துப்பிவிடுவாள், எடை குறைந்திருக்கிறது, ஆஸ்பத்திரி என்கிறார்கள். என் மலாய் பாசாரில் பேரம் பேசப் போதும், இதற்குப் போதவில்லை. நான் சொல்லைத் தேடிக்கொண்டிருந்தபோது மகள் என் மடியிலிருந்து நழுவி, அழுதபடியே தவழ்ந்து, அந்த இரண்டு பிள்ளைகளுக்கும் நடுவில் போய் உட்கார்ந்தாள். தட்டைப் பார்த்தாள். அழுகை நின்றது. பிசைந்து வைத்த வெள்ளைச் சோற்றை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெரிய பையனுக்காக ஒதுக்கியிருந்த மஞ்சள் சோற்றில் கையை விட்டாள்.

அது அந்தப் பக்கத்துக் குழம்பு. தேங்காய்ப்பாலில் மஞ்சளும் சில்லி பாடி என்கிற குட்டி மிளகாயும் அரைத்து ஊற்றி, மூங்கில் குருத்துப் போட்டது. எனக்கே கண்ணில் நீர் வரவைப்பது. நான் எழுவதற்குள் கை வாய்க்குப் போய்விட்டது.

முகம் சிவந்தது. வாயை அகலத் திறந்தாள். மூக்கு ஒழுகியது. அழப்போகிறாள் என்று பாய்ந்தேன்.

"பியார்லா," என்றார் மக்சிக், என் மணிக்கட்டைப் பிடித்து. விடு, அவள் பாட்டுக்கு இருக்கட்டும் என்று.

மகள் விழுங்கினாள். அந்த அசைவை நான் அவள் தொண்டையில் பார்த்தேன். பிறகு "ஹா, ஹா" என்று ஊதிக்கொண்டே மறுபடி தட்டில் கையை விட்டாள். பெரிய பையன் அது தன் பங்கு என்று முறைத்தான். அவள் அதற்கு அசரவில்லை. மூன்றாம் முறை மக்சிக் தானே வெள்ளைச் சோறும் மஞ்சள் சோறும் சேர்த்து உருட்டி, பெரியவனுக்கு ஒன்று, சின்னவளுக்கு ஒன்று, இவளுக்கு ஒன்று என்று வரிசையாக ஊட்டினார். மற்ற இருவரும் வாயைத் திறந்ததும் இவளும் திறந்தாள். முறை தாமதமானால் தட்டில் அடித்தாள்.

என் வீட்டுக்காரர் தொப்பியைக் கழற்றி வைத்துக்கொண்டு, கோயிலில் நிற்பதைப்போல நின்றார்.

எவ்வளவு சாப்பிட்டிருப்பாள் என்று நான் மக்சிக்கிடம் கேட்டேன். அவர் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். கையை அளப்பார்களா என்ன என்பதுபோல இருந்தது அந்தப் பார்வை. வயிறு நிறைந்திருக்கிறது, நீயே தொட்டுப் பார் என்றார். தொட்டுப் பார்த்தேன். கெட்டியாக, உருண்டையாக இருந்தது. அந்த வயிற்றை நான் அப்படித் தொட்டுப் பார்த்ததில்லை.

இருந்தும் என்னால் நிம்மதியாக இருக்க முடியவில்லை. இவ்வளவு காரம் குடலைப் புண்ணாக்காதா? வாந்தி எடுத்தால்? அரை மணி நேரம் படிக்கட்டில் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஒரு கோழியைத் துரத்தினாள், தவழ்ந்து. பிடிக்க முடியாமல் மண்ணை அள்ளினாள். கோழி வந்து அதைக் கொத்திப் பார்த்தது. வாந்தி இல்லை. மக்சிக் எனக்கு முன்னால் ஒரு தட்டை வைத்தபோதுதான், தடுப்பில் நான் ஒரு பருக்கைகூடச் சாப்பிடவில்லை என்பது நினைவுக்கு வந்தது. சாப்பிட்டேன். என் கண்ணிலும் மூக்கிலும் ஒழுகியது. என் வீட்டுக்காரர் சிரித்தார். மக்சிக் வயலைப் பற்றி, இந்த வருடத்து மழையைப் பற்றி அவரிடம் பேசிக்கொண்டிருந்தார். போகும்போது எதுவும் வாங்க மறுத்துவிட்டார். அடுத்த முறை வந்தால் பிள்ளையை நடக்கவைத்துக் கொண்டுவா என்றார்.

சாலைக்கு வந்தோம். தம்பின் இந்தப் பக்கம், ஜொகோல் அந்தப் பக்கம். அவர் தம்பின் பக்கம் சைக்கிளைத் திருப்பி வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். வாக்குத் தவறாதவர்.

"ஜொகோல் எவ்ளோ தூரம்?" என்றேன்.

"அஞ்சு மைலு. நடுவுல ஒரு ஏத்தம் இருக்கு."

"ஏத்தம்னா அப்புறம் இறக்கம் இருக்கும்ல."

அவர் உடனே சைக்கிளைத் திருப்பினார். ஏற்றத்தில் பாதிவரை மிதித்தோம், மீதியைத் தள்ளினோம். மேலே போய்ச் சேர்ந்ததும் வேர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றேன். பள்ளத்தாக்கின் மறு பாதி கீழே கிடந்தது, அதே பச்சை, அதே தண்ணீர், தூரத்தில் ஜொகோலின் சில தகரக் கூரைகள். மகள் பிரம்பு இருக்கையில் பாதித் தூக்கத்தில் இருந்தாள். கன்னத்தில் மஞ்சள் காய்ந்திருந்தது.

"உம்மக ஏப்பம் விட்டா," என்றார் அவர். "எஞ்சட்டையெல்லாம் மொளகா வாசம்."

"நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்க," என்று சொல்லிவிட்டு, நான் முதலில் இறங்கினேன்.